கூடம் கோணலா? ஆட்டம் கோணலா?



இந்த ஆண்டு நமது மாணவர் பேரவைக் கூட்டத்தில் புகைப்படக் குழுவின் சார்பில் ஒரு கோரிக்கை வைக்கப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். "பழவேற்காட்டுக்குப் பூநாரை வந்துடுச்சு. நம்ம கிட்ட இருக்கிறது டப்பா லென்ஸ். பேரவை நிதியில ஒரு பெரிய டெலி லென்ஸ் வாங்கித் தரணும்!" என்றார் ஒரு நண்பர். பலத்த கைதட்டல். எல்லாரும் கை தூக்கினார்கள். தூக்காத சிலரில் நானும் ஒருவன்.

அன்று இரவே மெஸ்ஸில் என்னைப் பிடித்துக் கொண்டார்கள். "ஏன்டா, நீயும் அதே கேமராவைத் தூக்கிட்டு அலையறவன்தானே? உனக்கு என்ன கேடு?" என்று. சாம்பார் ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் அல்ல அது. அதனால் மலரில் எழுதுகிறேன். கோபப்படாமல் படியுங்கள்.

முதலில் அந்த 'டப்பா லென்ஸ்' எது என்று சொல்லிவிடுகிறேன். கேமரா வாங்கும்போது கூடவே கொடுக்கிறார்களே, 18-55 மில்லிமீட்டர் கிட் லென்ஸ், அதுதான். உடம்பு பிளாஸ்டிக். எடை குறைவு. 18-இல் எஃப் 3.5 வரை திறக்கும். 55-க்குப் போனால் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. வாங்கின மறுநாளே இதைக் கழற்றி வைத்துவிட்டு, "அடுத்து எந்த லென்ஸ் வாங்கலாம்?" என்று கேட்கிறவர்கள்தான் நம்மில் அதிகம். நானும் அப்படிக் கேட்டவன்தான்.

எங்கள் ஊர் திருப்பாலைவனம். பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகும் பஸ் எங்கள் ஊர் வழியாகத்தான் போகும். முதலாம் ஆண்டு படிக்கும்போது குழுவின் கேமராவை வாங்கிக் கொண்டு ஒரு மார்கழிக் காலையில் பழவேற்காட்டுக்கு ஓடினேன். ஏரியில் பூநாரைக் கூட்டம். எடுத்தேன், எடுத்தேன், இருநூறு படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பார்த்தால், சாம்பல் தண்ணீரில் யாரோ குங்குமத்தைச் சிந்தின மாதிரி புள்ளி புள்ளியாக இருந்தது. அவ்வளவுதான் பூநாரை! "லென்ஸ் சரியில்லை" என்று அன்றே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்று நம் பாட்டிமார் சும்மாவா சொன்னார்கள்?

என் வகுப்பு நண்பன் ஒருவன் என்னையும் மிஞ்சினான். குப்பத்துப் பையன். அப்பாவுக்குக் கடல் தொழில். தவணையில் ஒரு பெரிய லென்ஸ் வாங்கினான். இரண்டு மாதம் கழுத்தில் மாட்டிக் கொண்டு ராஜா மாதிரி திரிந்தான். மூன்றாம் மாதம் தவணையும் பரீட்சைக் கட்டணமும் ஒரே வாரத்தில் வந்து நின்றன. அவன் அப்பா படகு இஞ்சினுக்கு வைத்திருந்த பணத்தைக் கேட்க வாய் வரவில்லை அவனுக்கு. லென்ஸை வந்த விலைக்குத் தள்ளிவிட்டான். பரீட்சை எழுதினான், தேறினான். ஆனால் அதற்கப்புறம் கேமராவையே தொடவில்லை. "அது காசு இருக்கிறவன் சமாச்சாரம்டா" என்கிறான். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் இந்தக் கட்டுரையே எழுதுகிறேன். அது பொய் என்பது என் கட்சி.

என் கண்ணைத் திறந்தது புகைப்படப் புத்தகம் அல்ல, நம் ஒர்க்ஷாப்தான். லேத்தில் நான் கடைந்த துண்டு ஒன்று அளவு தப்பிவிட்டது. "சார், மிஷின் சரியில்ல" என்றேன். மாஸ்டர் சிரித்துவிட்டுச் சொன்னார்: "மிஷின் சரியில்லன்னு சொல்லாத தம்பி. எவ்வளவு சரியில்லன்னு சொல்லு. அதைக் கழிச்சிட்டு வேலை செய்யி."

வெர்னியரில் சுழிப்பிழை இருந்தால் வெர்னியரைத் தூக்கியா எறிகிறோம்? பிழையைக் குறித்துக் கொண்டு, கூட்டியோ கழித்தோ அளவு எடுக்கிறோம். லென்ஸுக்கும் அதே கணக்கைப் போட்டால் என்ன? ரெக்கார்ட் நோட்டின் கடைசிப் பக்கத்தில் நம் கிட் லென்ஸின் பிழைகளை எழுத ஆரம்பித்தேன். ஐந்து கிடைத்தன.

முதற்பிழை: முழுக்கத் திறந்தால் படத்தின் மூலைகள் மழுங்கும். பரிகாரம், அபெர்ச்சரை எஃப் 8-இல் வைப்பது. வெளிச்சம் நன்றாக உள்ள இடத்தில் எஃப் 8-இல் இந்த லென்ஸ் எடுக்கும் படத்தைப் பெரிய லென்ஸ் எடுத்த படத்தோடு சேர்த்து ஒரு சின்ன பிரிண்ட் போட்டுக் காட்டினால், எது எதுவென்று சொல்வது கடினம். அதற்காக எஃப் 22 வரை மூடிவிடாதீர்கள். எஃப் 16-ஐத் தாண்டினால் ஒளியின் விளிம்பு விளைவால் படம் மறுபடி மழுங்கும். பிசிக்ஸில் படித்ததுதான்.

இரண்டாம் பிழை: 18-இல் நேர்கோடு வளையும். பீப்பாயின் பக்கம் போல வெளியே புடைக்கும். பழவேற்காட்டில் இது உடனே தெரியும். அங்கே இருப்பதெல்லாம் ஒரே கோடுதானே, தண்ணீரும் வானமும் தொடுகிற கோடு! அதைப் படத்தின் மேல் விளிம்பில் வைத்தால் ஏரி முதுகு வளைந்து நிற்கும். நடுவுக்குப் பக்கத்தில் வைத்தால் நேராகிவிடும். அல்லது 18-ஐ விட்டு 30 பக்கம் தள்ளி வாருங்கள், வளைவு பெரும்பாலும் போய்விடும். இன்றைய கேமராக்கள் பலவற்றில் இதைத் தானே திருத்தும் வசதியும் இருக்கிறது, மெனுவில் தேடிப் பாருங்கள்.

மூன்றாம் பிழை: சூரியன் எதிரே இருந்தால் படம் பால் ஊற்றின மாதிரி வெளுக்கும். பல கிட் லென்ஸோடு ஹுட் தருவதில்லை. இடது கையையோ ரெக்கார்ட் நோட்டையோ லென்ஸுக்கு மேல் கூரை மாதிரி பிடியுங்கள், போதும். அந்த நேரத்தில் மலிவான ஃபில்டர் மாட்டியிருந்தால் அதைக் கழற்றுங்கள். பாதி வெளுப்பு அதனால்தான்.

நான்காம் பிழை: 55-இல் எஃப் 5.6. வெளிச்சம் பற்றாமல் ஷட்டர் மெதுவாகி, படம் ஆடும். 55-இல் எடுக்கும்போது ஷட்டர் நொடியில் நூறில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. வீச்சு வலை காற்றில் விரிவதைப் பிடிக்க ஐந்நூறில் ஒரு பங்காவது வேண்டும். லென்ஸில் ஆட்டம் தடுக்கும் வசதி இருக்கிறதே என்பீர்கள். அது உங்கள் கை ஆடுவதைத்தான் தடுக்கும், வலை வீசுகிறவர் கையைத் தடுக்காது! சூரியன் எழுந்து அரை மணி நேரத்தில் ஐ.எஸ்.ஓ. 800 வைத்தால் இந்த வேகம் கிடைத்துவிடும். கொஞ்சம் மணல் மணலாக விழுந்தால் விழட்டும். மணல் விழுந்த படம் படம்தான், ஆடின படம் படமே இல்லை.

ஐந்தாம் பிழை லென்ஸுடையது அல்ல, மீட்டருடையது. ஆனால் பழி லென்ஸ் மேல் விழும். கேமரா மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்றே நினைக்கும். பளபளக்கும் தண்ணீருக்கு எதிரே ஒரு மனிதரை நிறுத்தினால், தண்ணீரைச் சாம்பலாக்கி மனிதரைக் கரியாக்கிவிடும். அப்போது பிளஸ் 1 வையுங்கள். கருத்த சேற்றில் ஒற்றை வெள்ளைக் கொக்கு நின்றால் நேர்மாறு, மைனஸ் 1.

ஆக மொத்தம் ஐந்து பிழை, ஐந்து பரிகாரம். பைசா செலவில்லை.

ஆறாவதாக ஒன்றும் உண்டு, அது பிழை அல்ல, எல்லை. 55-இல் தூரத்துப் பூநாரை கிட்டே வராது. எந்தப் பரிகாரமும் கிடையாது. அதற்கு 400, 600 மில்லிமீட்டர் லென்ஸ் வேண்டும். அந்த லென்ஸின் விலை நம் பேரவை நிதிக்கு எட்டாது. எட்டுகிற 300-ஐ வாங்கினால் புள்ளி கொஞ்சம் பெரிய புள்ளியாகும். பிறகு என்ன நடக்கும்? "இன்னும் கிட்டப் போகணும்" என்று படகு தேடுவோம். 2011 டிசம்பர் 25 அன்று இதே ஏரியில் சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்ததை எங்கள் பக்கத்து மக்கள் இன்னும் மறக்கவில்லை. கிட்டே போனாலும் பறவை என்ன போஸ் கொடுக்கவா நிற்கும்? இரை தேடுகிற கூட்டத்தைக் கலைத்து விரட்டி எடுக்கிற படம் எவ்வளவு கூர்மையாக இருந்து என்ன புண்ணியம்?

அதற்குப் பதிலாகக் கரையிலேயே நின்று, 18-இல், பரந்த வானத்துக்குக் கீழே மெல்லிய இளஞ்சிவப்புக் கோடாகப் பறவைகளை வையுங்கள். ஏரி எவ்வளவு பெரிது என்று பார்க்கிறவர்களுக்கு அந்தப் படம் சொல்லும். இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி இது. அதைச் சொல்லப் பெரிய பறவை எதற்கு?

பழவேற்காட்டில் கிட் லென்ஸுக்கென்றே படைத்த மாதிரி எத்தனை இருக்கின்றன! டச்சுக்காரர்கள் 1613-இல் கோட்டை கட்டிய ஊர் அது. அவர்களுடைய கல்லறைத் தோட்டத்தில் எழுத்தும் சித்திரமும் செதுக்கிய கற்கள் கிடக்கின்றன. உச்சி வெயிலில் போனால் எழுத்து தெரியாது. காலை ஏழு மணிக்குப் போங்கள், சாய்ந்த வெயில் ஒவ்வொரு எழுத்துக்கும் நிழல் கொடுத்துத் தூக்கிக் காட்டும். ஸ்ரீஹரிகோட்டாவில் இரவில் ராக்கெட் விட்டால், கேமராவை ஆடாத கல் மேல் வைத்து, 18-இல், ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 11, 30 நொடி திறந்து வையுங்கள். வானத்தில் வில் வரைந்த மாதிரி நெருப்புக் கோடு வரும். இதில் எதற்காவது பெரிய லென்ஸ் தேவையா?

பழவேற்காடு மட்டும் அல்ல, எங்கும் இதே கதைதான். அக்காலத்தில் பரோடாவில் தயாரான அக்ஃபா கிளிக் 3 என்ற பெட்டிக் கேமரா வீட்டுக்கு வீடு இருந்தது. ஒற்றைச் சாதா லென்ஸ். நம் அப்பா அம்மா சின்ன வயதுப் படங்களில் பல அதில் எடுத்தவைதான். இன்றும் தெளிவாக இருக்கின்றன. ஏன்? வெயிலில் நிறுத்தி, அசையாமல் எடுத்தார்கள். 1980-களில் ஹாங்காங்கில் வந்த ஹோல்கா கேமராவின் லென்ஸ் பிளாஸ்டிக். டேவிட் பர்னட் என்ற அமெரிக்கர் அதில் 2000-ஆம் ஆண்டுத் தேர்தலில் அல் கோரை எடுத்த படம், வெள்ளை மாளிகைப் பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் சங்கப் போட்டியில் 2001-இல் பரிசு வாங்கியது. உலகப் புகழ் பெற்ற கார்ட்டியே-பிரெஸ்ஸோன் வாழ்நாளில் பெரும்பாலும் ஒரே ஒரு 50 மில்லிமீட்டர் லென்ஸையே மாட்டியிருந்தார். ஜூம் கிடையாது. அவருக்குக் கால்தான் ஜூம்.

அவ்வளவு தூரம் ஏன்? நம் தமிழ்நாட்டு எம். பழனி குமாரைப் பாருங்கள். மதுரையில் மீன் விற்கும் அம்மாவின் மகன். நம்மைப் போல இஞ்சினியரிங் பக்கம் இருந்து கேமராவுக்கு வந்தவர். 2017-இல் வந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்குக் கேமரா அவர்தான். 'பாரி' இதழில், எண்ணூர்ப் பக்கம் கொசஸ்தலையாற்றில் கையாலேயே இறால் பிடிக்கும் இருளர் மூதாட்டி ஒருவரைப் பற்றி அவர் எடுத்த படங்கள் வந்தன. 2022-இல் தயானிதா சிங் - பாரி ஆவணப் புகைப்பட விருது முதன்முறையாக வழங்கப்பட்டபோது அது அவருக்குத்தான். அந்த இறால் படங்களைப் பார்த்த யாரும் "என்ன லென்ஸ்?" என்று கேட்க மாட்டார்கள். "இந்த அம்மா எப்படி இவரை இவ்வளவு கிட்டே விட்டார்?" என்றுதான் கேட்பார்கள்.

மலிவு லென்ஸின் பெரிய உபகாரமே இங்கேதான் இருக்கிறது. தூர நின்று திருட்டுத்தனமாக எடுக்க அது விடாது. கிட்டே போ, பேசு, அனுமதி கேள் என்று தள்ளிவிடும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். போன வருஷம் குப்பத்தில் ஓர் ஆயா கருவாடு காய வைத்துக் கொண்டிருந்தார். தயங்கித் தயங்கிப் பக்கத்தில் போய், "ஆயா, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?" என்றேன்.

ஆயா நிமிர்ந்து கூடப் பார்க்கவில்லை. "எத்தினி பேரு வந்து புடிச்சினு போறானுங்க. ஒருத்தனாச்சும் கொணாந்து குடுத்துகிறானா? நீ இன்னா குடுக்கப் போற?"

பதில் சொல்ல முடியவில்லை. "நான் குடுக்கறேன் ஆயா" என்றேன். வீட்டு வாசல் நிழலில் உட்கார வைத்தேன். 55-இல், எஃப் 5.6-இல், ஆயாவுக்குக் கிட்டே நானும், ஆயாவிலிருந்து நன்றாகத் தள்ளிப் பின்புறமும் இருக்கும்படி நின்றேன். பின்னால் இருந்த படகெல்லாம் கரைந்து போய் முகம் மட்டும் நின்றது. பின்புறம் மங்க லென்ஸ் விலை வேண்டாம், தூரக் கணக்குத் தெரிந்தால் போதும்.

அடுத்த வாரம் பொன்னேரியில் பிரிண்ட் போட்டுக் கொண்டு போனேன். ஆயா ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "ஊட்டுக்காரரு உள்ள படுத்துனுகிறாரு. அவரையும் ஒண்ணு புடிச்சி குடு கண்ணு" என்றார்.

உள்ளே இருட்டு. ஒரே ஒரு சின்ன ஜன்னல். ஐ.எஸ்.ஓ. 3200 வைத்தும் ஷட்டர் பதினைந்தில் ஒன்றுக்கு மேல் ஏறவில்லை. எடுத்ததெல்லாம் ஆட்டம். கடைசியில் ஆயாவும் நானும் பக்கத்து வீட்டு அண்ணனும் சேர்ந்து கட்டிலை வாசல் பக்கம் நகர்த்தினோம். தாத்தா எழுந்து சட்டை போட்டுக் கொண்டு உட்கார்ந்தார். மூன்று படம் எடுத்தேன். ஒன்று தேறியது. இப்போது அது அந்த வீட்டுச் சுவரில் மாலையோடு இருக்கிறது. தாத்தாவின் வேறு நல்ல படம் அந்த வீட்டில் இல்லை.

அந்த இருட்டு வீட்டில்தான் நம் கிட் லென்ஸின் உண்மையான குறை எனக்குத் தெரிந்தது. அது தூரம் அல்ல, வெளிச்சம். அதற்கு மருந்து டெலி லென்ஸ் இல்லை, 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸ். எஃப் 5.6-ஐ விட ஒன்பது மடங்குக்கும் மேல் வெளிச்சம் உள்ளே விடும். கேனன் கம்பெனி 1990-இல் கொண்டு வந்த பிளாஸ்டிக் 50-ஐ 2015-இல் புது மாடல் வரும் வரை விற்றது என்றால் பார்த்துக் கொள்ளுங்கள். மலிவு லென்ஸ்களில் அது ஒரு பாட்ஷா! கம்பெனிகள் மிரர்லெஸ் பக்கம் திரும்பிவிட்டதால் இந்தப் பழைய வகைகள் செகண்ட் ஹேண்டில் சல்லிசாகக் கிடைக்கின்றன. ஒரு எச்சரிக்கை: நிக்கானின் ஆரம்ப நிலை கேமராக்களில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. அதில் பழைய டி வகை 50-ஐ மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். கேட்டு வாங்குங்கள். வாங்கும் முன் டார்ச் அடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

"அப்போ பெரிய லென்ஸ் வாங்குறவன் எல்லாம் முட்டாளா?" என்று கேட்கலாம். இல்லை ஐயா! பறவை ஆராய்ச்சி செய்கிறவருக்கும், கிரிக்கெட் எடுத்துப் பிழைக்கிறவருக்கும் அது கருவி. சம்பாதித்துக் கொடுக்கும் கருவிக்குக் கடன் வாங்குவதில் தப்பில்லை. நம் நிலைமை அது அல்ல. நாம் இன்னும் கையில் உள்ள கருவியின் பிழையையே எழுதி முடிக்காதவர்கள்.

ஆகவே பேரவைக்கு என் வேண்டுகோள் இதுதான். டெலி லென்ஸ் வேண்டாம். அந்தப் பணத்தில் ஒரு செகண்ட் ஹேண்ட் 50 வாங்குவோம். உப்புக் காற்றுக்கு ஒரு பிளோயரும் நல்ல துணியும் வாங்குவோம். உப்புப் படிந்த லென்ஸை ஊதாமல் துடைத்தால் கீறல் விழும், படகுத்துறையில் லென்ஸ் மாற்றவே கூடாது. சிலிகா ஜெல் போட்டு வைக்கக் காற்றுப் புகாத டப்பா ஒன்று போதும். மீதிப் பணம் முழுவதும் பிரிண்ட் போடுவதற்கு. நாம் யாரை எடுத்தாலும் அவர் கையில் ஒரு பிரிண்ட் சேர வேண்டும். இதை நம் குழுவின் விதியாகவே வைப்போம்.

படகு இஞ்சின் பணத்தைக் கேட்க வாய் வராத அந்த நண்பனிடம் போன மாதம் குழுவின் கேமராவைக் கொடுத்தேன், கிட் லென்ஸோடுதான். "எஃப் 8-இல வை, உங்க அப்பா வலை பின்றதை எடு" என்றேன். "பார்க்கலாம்" என்று வாங்கிக் கொண்டு போனான். இன்னும் திருப்பித் தரவில்லை.

அது நல்ல சகுனம் என்றே நினைக்கிறேன்.



- மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பட்டயப் பிரிவு மாணவன்